பாய் விரித்த படகும் அதற்கொரு சட்டமும்

நுவரெலியாவுக்கு வசந்த காலத்தில் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் கிரகறி வாவியைத் தெரியும். 1873ஆம் ஆண்டில், வில்லியம் கிரகறி ஆளுநராக இருந்த காலத்தில் உண்டாக்கப்பட்ட வாவி அது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அன்னப் படகில் ஏறிக் காலால் மிதிக்கலாம். எஞ்சின் படகில் ஒரு சுற்றுச் சுற்றலாம். காசு கொடுத்தோம், ஏறினோம், இறங்கினோம் என்று அதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆனால் எஞ்சினும் இல்லாமல், துடுப்பும் இல்லாமல், ஒரு துணிப் பாயைக் கட்டிக்கொண்டு காற்றின் பலத்திலேயே ஓடும் படகு ஒன்று உண்டு. அதுதான் பாய்ப்படகு. முற்காலத்தில் சரக்கு ஏற்றவும் மீன் பிடிக்கவும் பயன்பட்ட இந்தப் படகு, இன்று பல நாடுகளில் ஓய்வு நாள் விளையாட்டாகிவிட்டது. நமது நாட்டிலும் கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரியில் பாய்ப்படகு ஓட்டுகிறார்கள்.

"சும்மா பொழுதுபோக்குக்கு ஓடுற படகுக்கும் லைசனா? அதுக்கும் சட்டமா?" என்று கேட்கத் தோன்றும். ஆமாம், எல்லாம் உண்டு. அதில் சிரிப்பு வரும் விஷயமும் இருக்கிறது, உயிரைக் காக்கும் விஷயமும் இருக்கிறது. நீர்த்தேக்கங்களின் ஓரத்தில் குடியிருக்கும் நமது தோட்டக் குடும்பங்களுக்கு இரண்டுமே பயன்படும் என்பதால் இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

காற்றை எதிர்த்து ஓடுவது எப்படி?

காற்று பின்னாலிருந்து அடித்தால் படகு முன்னே போகும். இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பலத்த காற்றில் குடையை விரித்தால் கையோடு இழுக்குமே, அது போலத்தான். ஆனால் காற்று வரும் திசைக்கே போக வேண்டுமானால் என்ன செய்வது? நேராகப் போக முடியாது. படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு அப்படியே நின்றுவிடும்.

நமது மலைக்கு ஏறும் ரோட்டை நினைத்துப் பாருங்கள். செங்குத்தான மலையில் பஸ் நேரே ஏறுவதில்லை. இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு என்று ஏறுகிறது. பாய்ப்படகும் அப்படியே. காற்றுக்கு நேரே போகாமல், ஏறக்குறைய 45 பாகை சாய்வாக இடது பக்கம் கொஞ்ச தூரம் போகும். பிறகு திரும்பி வலது பக்கம் கொஞ்ச தூரம் போகும். இப்படி வளைந்து வளைந்து கடைசியில் காற்று வந்த இடத்துக்கே போய்ச் சேரும்.

இது எப்படி நடக்கிறது? சாய்வாக வரும் காற்று வளைந்த பாயில் பட்டு, படகை ஒரு பக்கமாக இழுக்கப் பார்க்கும். படகின் அடியில் தண்ணீருக்குள் ஒரு பலகை இறக்கப்பட்டிருக்கும். அது படகைப் பக்கவாட்டில் சறுக்க விடாது. தோடம்பழ விதையை இரண்டு விரலால் அமுக்கினால் அது முன்னே பாய்கிறதல்லவா? பாயின் இழுப்புக்கும் பலகையின் பிடிப்புக்கும் நடுவில் அகப்பட்ட படகும் அப்படித்தான் முன்னே பாய்கிறது.

மூன்று நாட்டுக்கு ஒரு ஏரி

ஏரிப் பாய்ப்படகுக்கு எப்படிப்பட்ட சட்டம் இருக்கிறது என்று பார்க்க நல்ல இடம் ஐரோப்பாவில் உள்ள கொன்ஸ்டன்ஸ் ஏரி. ஜேர்மன் மொழியில் இதைப் போடன்சே என்பார்கள். ஜேர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் இந்த ஏரியின் கரையில் இருக்கின்றன. பரப்பளவு சுமார் 536 சதுர கிலோமீற்றர். நமது நுவரெலியா மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மிக ஆழமான இடத்தில் 251 மீற்றர். உயர்ந்த தென்னை மரங்கள் பத்தை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் அவ்வளவு உயரம் வரும்.

இந்த ஏரியில் ஒரு வேடிக்கை உண்டு. ஏரியின் பெரிய பகுதியில் எந்த நாட்டின் எல்லை எங்கே முடிகிறது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒரே முடிவுக்கு வரவில்லை. நமது லயத்தில் என்றால் ஒரு முழ வேலிக்காக எத்தனை நாள் சண்டை நடக்கும்! ஆனால் அவர்கள் எல்லையைப் பற்றி ஒத்துப்போகாவிட்டாலும் படகு ஓட்டும் விஷயத்தில் ஒத்துப்போனார்கள். 1973இல் மூன்று நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1976இலிருந்து ஏரி முழுவதற்கும் பொதுவான படகுப் போக்குவரத்து விதிமுறை நடைமுறைக்கு வந்தது. காரணம் எளிது. புயல் அடித்தால் அது பாஸ்போர்ட் பார்த்து அடிப்பதில்லை. மூன்று நாட்டுப் படகும் ஒரே தண்ணீரில்தான் கவிழும்.

எந்தப் படகுக்கு லைசன்?

கொன்ஸ்டன்ஸ் ஏரியில் எல்லாப் படகுக்கும் லைசன் கேட்பதில்லை. பாயின் பரப்பு 12 சதுர மீற்றருக்கு மேலே போனால்தான் ஓட்டுபவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 12 சதுர மீற்றர் என்றால் சுமார் 130 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா ஒன்றின் தரையை விடக் கொஞ்சம் பெரிது. அந்த அளவுக்குள் அடங்கும் சின்னப் பாயை லைசன் இல்லாமலே விரிக்கலாம். எஞ்சின் படகு என்றால் 4.4 கிலோவாற்றுக்கு, அதாவது 6 குதிரை வலுவுக்கு, மேற்பட்ட எஞ்சினுக்கு லைசன் தேவை.

லைசன் சும்மா கிடைக்காது. முதலில் எழுத்துப் பரீட்சை, பிறகு ஏரியில் செய்முறைப் பரீட்சை. ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு, படகைத் திருப்பி அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் காட்ட வேண்டும். காற்றில் ஓடும் படகுக்கு பிரேக் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். விழுந்தவர் மேல் ஏற்றிவிடாமல், அவரைத் தாண்டியும் போகாமல் நிறுத்துவது லேசான வேலை அல்ல.

எஞ்சின் பூட்டிய படகையும், உள்ளே படுக்கை, சமையல், கழிவறை உள்ள படகையும் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். லொறிக்கு இருப்பது போல அதற்கும் நம்பர் உண்டு. படகில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் உயிர்காக்கும் மிதவைச் சாதனம் இருக்க வேண்டும். "நாலு பேர்தானே, மூணு ஜெக்கட் போதும்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

வேகத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஏரியில் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் வந்துவிட்டால் 10 கிலோமீற்றருக்கு மேல் கூடாது. ஏனென்றால் அந்தப் பட்டையில்தான் பிள்ளைகள் நீந்துகிறார்கள். எஞ்சின் படகு கிளப்பும் அலை சின்னத் தோணியைப் புரட்டிவிடும்.

யார் யாருக்கு வழி விடுவது?

நமது மலை ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏறி வரும் வாகனத்துக்கு இறங்கி வரும் வாகனம் வழி விடும். ஏரியிலும் இப்படி ஒரு வரிசை இருக்கிறது. நேரசூசிப்படி ஓடும் பயணிகள் கப்பலுக்கு எல்லோரும் வழி விட வேண்டும். வலை போட்டுத் தொழில் செய்யும் மீனவருக்கு பொழுதுபோக்குப் படகுகள் வழி விட வேண்டும். உல்லாச எஞ்சின் படகு பாய்ப்படகுக்கு வழி விட வேண்டும். கையில் எஞ்சின் இருப்பவனால் எந்தப் பக்கமும் திரும்ப முடியும். காற்றை நம்பி இருப்பவனால் முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. பணக்காரனின் படகு பெரிதாக இருக்கலாம், விலை அதிகமாக இருக்கலாம். ஆனால் பிழைப்புக்காக வலை போடும் மீனவனுக்கு அவன்தான் விலகிப் போக வேண்டும். விளையாட்டுக்கு வந்தவன் வேலை செய்பவனுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சரி, இரண்டு பாய்ப்படகுகள் எதிரெதிரே வந்தால்? ஒரு படகுக்குக் காற்று வலது பக்கமாக வீசும், மற்றப் படகுக்கு இடது பக்கமாக வீசும். காற்றை வலது பக்கம் வாங்கும் படகுக்கு வழி உரிமை, இடது பக்கம் வாங்குவது விலக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கம் என்றால், காற்று வரும் திசைக்குக் கிட்ட இருக்கும் படகு விலக வேண்டும். இவ்வளவுதான். இதை மனப்பாடம் செய்யாமல் ஏரியில் இறங்கினால் முதல் நாளே முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கரையில் சிமிட்டும் விளக்கு

கொன்ஸ்டன்ஸ் ஏரியின் கரையைச் சுற்றிச் செம்மஞ்சள் நிற எச்சரிக்கை விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அவை இரண்டே பாஷைதான் பேசும்.

ஒரு நிமிஷத்துக்கு 40 தடவை சிமிட்டினால், "பலத்த காற்று வரப்போகிறது, கவனம்" என்று அர்த்தம். மணிக்கு சுமார் 46 முதல் 61 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசலாம்.

ஒரு நிமிஷத்துக்கு 90 தடவை சிமிட்டினால், "புயல் வருகிறது" என்று அர்த்தம். காற்று 62 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும், அல்லது அதைத் தாண்டும்.

எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும், எந்த மொழி பேசுபவருக்கும், தூரத்தில் நிற்பவருக்கும் இது விளங்கும். மெதுவாகச் சிமிட்டினால் யோசி, வேகமாகச் சிமிட்டினால் கரைக்கு ஓடு. சுவிட்சர்லாந்தின் மற்ற ஏரிகளிலும் இதே கணக்குத்தான்.

அந்த ஏரிக்கு அல்ப்ஸ் மலைகளைத் தாண்டி இறங்கும் ஒரு காற்று உண்டு. ஃபோன் காற்று என்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் "கச்சான் காற்று" என்கிறார்களே, மலையைத் தாண்டிக் காய்ந்து சூடாக இறங்கும் காற்று, அதே இனம்தான். வானம் தெளிவாக இருக்கும், மலைகள் கிட்ட வந்தது போலத் தெரியும், கொஞ்ச நேரத்தில் ஏரி கொதிக்கத் தொடங்கிவிடும். அதனால் "வானம் நல்லாத்தானே இருக்கு" என்று கண்ணை மட்டும் நம்பக்கூடாது.

பழகியவர்களுக்கும் இது நேரும். ஜெனீவா ஏரியில் 1939இலிருந்து "போல் டோர்" என்ற பெரிய பாய்ப்படகுப் போட்டி நடக்கிறது. 2019 ஜூன் மாதப் போட்டியின்போது திடீரென்று கடும் புயல் அடித்தது. நூற்றுக்கணக்கான படகுகள் ஏரியில் இருந்த நேரம் அது. பாய்மரம் முறிந்த படகுகளும் உண்டு.

விளக்கு யாரையும் கையைப் பிடித்து இழுத்து வராது. பார்த்து முடிவெடுப்பது படகோட்டியின் பொறுப்பு. படகில் இருக்கும் எல்லோருடைய உயிருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

குடிக்கும் தண்ணீரில் விளையாட்டு

கொன்ஸ்டன்ஸ் ஏரியின் தண்ணீரைத் தென் ஜேர்மனியில் சுமார் 40 லட்சம் பேர் குடிக்கிறார்கள். சிப்லிங்கன் என்ற ஊருக்கு அருகே, சுமார் 60 மீற்றர் ஆழத்திலிருந்து அந்தத் தண்ணீரை எடுக்கிறார்கள். விளையாட்டுக்கு வரும் படகு இந்தத் தண்ணீரில் எண்ணெய் கொட்டலாமா? கழிவறை வாளியைக் கவிழ்க்கலாமா? கூடாது. கழிவைப் படகிலேயே தொட்டியில் சேர்த்துவைத்துக் கரைக்கு வந்துதான் வெளியேற்ற வேண்டும். எஞ்சின் புகைக்கும் 1993இலிருந்து கட்டுப்பாடு விதித்தார்கள். மீன் முட்டையிடும், பறவை கூடு கட்டும் நாணல் புதர்களுக்குக் கிட்டப் போகவும் விடமாட்டார்கள். 25 மீற்றர் தள்ளித்தான் போக வேண்டும்.

பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த ஊற்றுக்கு மேலே உடுப்புத் தோய்க்கக்கூடாது என்று நமது பெரியவர்கள் சொன்னதும் இதே சட்டம்தான். அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சிரிக்கவும் விஷயம் உண்டு

படகோட்டிகளிடம் நம்பிக்கைகள் ஏராளம். ஜேர்மன் படகோட்டிகள் காற்றுக்கு ராஸ்முஸ் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். புறப்படும் முன் ஒரு சொட்டுச் சாராயத்தைத் தண்ணீரில் ஊற்றி, "ராஸ்முஸ் ஐயா, நல்ல காற்றாகக் கொடு" என்று வேண்டுவது ஒரு வழக்கம். நமது ஆட்களும் சாமிக்குப் படையல் வைக்கத்தானே செய்கிறோம்! ஆனால் சட்டம் அங்கே ஒரு கோடு கிழிக்கிறது. ராஸ்முஸ் குடிக்கலாம், படகோட்டி அளவு மீறக்கூடாது. குடித்துவிட்டு லொறி ஓட்டுவது எப்படிக் குற்றமோ, அப்படித்தான் படகும். பிடிபட்டால் லைசன் போய்விடும்.

படகில் சீட்டி அடிக்கக்கூடாது, அடித்தால் புயல் வரும் என்றும் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகள் ஓட்டும் சின்னப் பாய்ப்படகின் போட்டி விதியில், உயிர்காப்பு அங்கியில் விசில் ஒன்று கட்டியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. பாட்டி சொல்வது சீட்டி அடிக்காதே, சட்டம் சொல்வது விசில் இல்லாமல் இறங்காதே. ஆபத்து நேரத்தில் கத்திக் கூப்பிடுவதை விட விசில் சத்தம் தூரம் போகும் என்பதால் இங்கே சட்டத்தின் பக்கம்தான் நியாயம்.

இன்னொரு வேடிக்கை. சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது. நாலு பக்கமும் அடுத்த நாடுகள். ஆனால் உலகில் மிகப் பழைய, மிகப் பெரிய பாய்ப்படகுப் பரிசான அமெரிக்கா கிண்ணத்தை 2003இல் வென்றது ஜெனீவா ஏரிக்கரைச் சங்கம் ஒன்றின் "அலிங்கி" என்ற படகு. சுற்றிக் கடல் உள்ள நியூசிலாந்தை, அவர்கள் ஊரான ஓக்லண்டிலேயே ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்கடித்தார்கள். 1851இல் தொடங்கிய அந்தக் கிண்ணம் முதல் தடவையாக ஐரோப்பாவுக்குப் போனது கடலில்லாத ஒரு நாட்டுக்கு! ஏரியில் பழகியவனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

தன் தவறுக்குத் தானே சுற்று

கிரிக்கெட்டில் நடுவர் விரல் தூக்குவார். உதைபந்தாட்டத்தில் விசில் ஊதி அட்டை காட்டுவார். ஆனால் பெரும்பாலான பாய்ப்படகுப் போட்டிகளில் ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் நடுவர் ஓடுவதில்லை. அப்படியானால் தவறு செய்தவனை யார் தண்டிப்பது? அவனே தண்டித்துக்கொள்ள வேண்டும்.

வழி விட வேண்டிய இடத்தில் விடாமல் போய்விட்டால், அந்தப் படகு கொஞ்சம் ஒதுங்கிப் போய் அதே இடத்தில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அடையாள மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. தலை சுற்றச் சுற்றிவிட்டுத்தான் திரும்பப் போட்டியில் சேரலாம். அதற்குள் நாலைந்து பேர் முந்திவிடுவார்கள். கரையில் நிற்பவர்களுக்கு இது பெரிய சிரிப்பு. ஆனால் சுற்றியவருக்கு அதில் அவமானம் இல்லை. சுற்றாமல் நழுவுவதுதான் அவமானம். பக்கத்துப் படகுக்காரர் பார்த்துவிட்டால் "புரொட்டெஸ்ட்!" என்று கத்துவார். பெரிய படகு என்றால் சிவப்புக் கொடியும் ஏற்றுவார். பிறகு கரையில் விசாரணை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் உண்டு. தவறு நிரூபணமானால் அந்த ஓட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

காற்று செத்துப்போனால் இன்னும் வேடிக்கை. போட்டியில் துடுப்புப் போடக்கூடாது, படகை ஆட்டி ஆட்டி நகர்த்தவும் கூடாது. நூறு படகுகள் வெயிலில் அசையாமல் நிற்கும். ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் ஆளுக்கோ படகுக்கோ உதவி செய்ய, எந்த வழியிலும் படகைச் செலுத்தலாம்.

விதிப்புத்தகத்தின் முதல் விதியே அதுதான். ஆபத்தில் இருப்பவருக்கு, முடிந்த உதவி எல்லாவற்றையும் செய்ய வேண்டும். வெற்றி, பரிசு, பதக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏரிக்கும் கடலுக்கும் இந்தப் போட்டி விதிப்புத்தகம் ஒன்றே. அந்த முதல் விதி எழுத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குக் கடலில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் தென் கொரியாவின் பூசான் கடலில் நடந்தன. கனடாவின் லோரன்ஸ் லெமியூ தனது ஓட்டத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். காற்று கடுமையாகிவிட்டது. வேறொரு போட்டியில் இருந்த சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து இரண்டு பேர் தண்ணீரில் தத்தளித்தார்கள். லெமியூ தனது போட்டியை விட்டுவிட்டுப் போய் அவர்களைத் தனது படகில் ஏற்றினார். மீட்புப் படகு வந்து அவர்களைப் பொறுப்பேற்கும் வரை நின்றார். பிறகு ஓட்டத்தைத் தொடர்ந்தபோது நேரம் போய்விட்டது.

விதிப்புத்தகம் அவரைக் கைவிடவில்லை. உதவி செய்யப் போய் இடத்தை இழந்தவருக்கு ஈடு கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அதன்படி அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள். எல்லா ஓட்டங்களையும் கூட்டிப் பார்த்தபோது அவர் 11ஆம் இடம்தான், பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக் குழு அவருக்கு பியர் டி கூபெர்டின் பெயரிலான விசேஷ பதக்கத்தைக் கொடுத்து மரியாதை செய்தது. அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் பெயர் பலருக்கு மறந்துபோயிருக்கும், லெமியூவின் பெயர் மறக்கவில்லை.

பலகைப் பெட்டியில் பிறந்த படகு

"இதெல்லாம் வசதியுள்ளவங்க விளையாட்டுத்தானே?" என்று கேட்டால், பெரிய படகைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் உலகில் பிள்ளைகள் பாய் பிடிக்கப் பழகும் படகு வேறு மாதிரி. அதன் பெயர் ஒப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளியர்வோட்டர் என்ற ஊரில் கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் அதை வரைந்தார். சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் ஓட்ட வேண்டும், செலவு 50 டொலருக்குள் முடிய வேண்டும் என்பதுதான் அவரிடம் கேட்டது. எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை இரண்டில் அடங்கும்படி அவர் அதைச் செய்தார்.

முன்னே நமது ஸ்டோரிலிருந்து தேயிலை ஏற்றிய பலகைப் பெட்டிகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஜாதிப் பலகைதான். மூக்கு கூராக இல்லாமல் சதுரமாக இருப்பதால் பார்ப்பதற்கும் மிதக்கும் பெட்டி மாதிரியே இருக்கும். இப்போது கண்ணாடி நாரில் செய்கிறார்கள். நீளம் 2.3 மீற்றர்தான். பாய் சின்னது, 12 சதுர மீற்றர் கணக்குக்குள் வராது. 15 வயது வரையான பிள்ளைகள் ஒரு ஆளாகத் தனியே ஓட்டுவார்கள். நமது நாட்டிலும் பிள்ளைகள் இதில் பழகுகிறார்கள்.

அந்தப் பெட்டிப் படகுக்கும் விதி உண்டு. போட்டியில் உயிர்காப்பு அங்கி போட்டே ஆக வேண்டும். தண்ணீர் இறைக்க ஒரு வாளி கட்டியிருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் விலக்கு இல்லை. பழக வரும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதில் ஒன்று, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, திரும்ப நிமிர்த்துவது. விழப் பழகியவன்தான் பயப்படாமல் ஓட்டுவான்.

நமது பக்கத்துத் தண்ணீர்

நமக்கு ஏரி தூரத்தில் இல்லை. காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் ஓரத்திலேயே எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன. இவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. தண்ணீர் திறந்துவிடும்போது மட்டம் இறங்கும், மழைக்கு ஏறும். நேற்று கால் வைத்த இடத்தில் இன்று ஆள் ஆழம் இருக்கலாம். கோடையில் மவுசாக்கலையில் தண்ணீர் வற்றிப் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும்போது பார்க்கப் போகிறோம். அந்த நேரத்தில் கரையோரச் சேறு காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இளகித்தான் இருக்கும். மலைத் தண்ணீர் குளிரும் அதிகம். திடீரென்று விழுந்தால் மூச்சு வாங்கி, வாய்க்குள் தண்ணீர் போய்விடும். நீந்தத் தெரிந்தவரும் முதல் நிமிஷத்தில் தடுமாறுவார்.

மேலே சொன்ன விதிகளில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை:

1. எந்தப் படகில் ஏறினாலும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். கையில் வைத்திருந்தால் போதாது, மாட்டி வாரைக் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளையின் அளவு வேண்டும்.

2. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் ஏறாதீர்கள். "அண்ணே, அடுத்த தடவை வாறேன்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

3. குடித்தவர் ஓட்டும் படகில் ஏற வேண்டாம். சொந்தக்காரராக இருந்தாலும் சரிதான்.

4. இங்கே சிமிட்டும் விளக்கு இல்லை. மலைக்கு அப்பால் இடி கேட்டால், தண்ணீர் கறுத்துச் சுருக்கம் விழுந்தால், அதையே 90 தடவை சிமிட்டும் விளக்காக நினைத்துக் கரை ஏறுங்கள்.

5. படகு கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும். கரை கிட்டத் தெரிகிறது என்று நீந்திப் போவதுதான் ஆபத்து. படகைப் பிடித்துக்கொண்டால் தேடி வருபவர் கண்ணுக்கும் தெரியும்.

6. ஒருவர் மூழ்குகிறார் என்றால் பதறிக் குதிக்க வேண்டாம். கயிறு, நீளக் கம்பு, மூடி இறுக்கிய வெற்றுக் கேன் எதையாவது எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990.

இந்த ஆறையும் லயத்தில் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். முக்கியமாகப் பாடசாலை விடுமுறை தொடங்குமுன் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "அங்க போகாதே" என்று அதட்டினால் ஒளிந்து போவார்கள். ஏன் போகக்கூடாது, போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினால் கேட்பார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நமது முன்னோர் சொன்னதற்கு மேல் பெரிய படகுச் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.